மூணாற்றில் குடியேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மூணாறு. சுற்றுலா வருவோர் இரண்டு நாள் தங்கித் திரும்பிவிடுவார்கள். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், விடுதிப் பணியாளர் என வேலைக்காக இங்கே மாற்றலாகி வருவோரும், திருமணமாகி வந்து குடும்பம் நடத்தத் தொடங்குவோரும் வேறு வகையினர். அவர்களுக்குக் காட்சிமுனைகளின் பட்டியலால் பயன் குறைவு. வீடு எங்கே எடுப்பது, எந்தச் சாலையை நம்புவது, மழை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளே அவர்கள் முன் நிற்கின்றன. இவ்வூரில் இவை எல்லாவற்றுக்கும் விடை நிலத்தின் சரிவிலும் நீரின் போக்கிலும் இருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதற்படி: ஆறுகளைக் கொண்டு ஊரை அறிதல்

முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் பள்ளத்தில்தான் கடைத்தெரு அமைந்திருக்கிறது. வந்த முதல் வாரத்திலேயே ஓர் அரைநாளை ஒதுக்கி, எந்த நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நடந்தே பார்த்துக்கொள்ளுங்கள். குண்டலை, மாட்டுப்பட்டி அணைகளின் பக்கமிருந்து குண்டலை ஆறு வருகிறது. கூடிய நீர் பழைய மூணாற்றின் வழியாக இறங்கி ஹெட்வொர்க்ஸ் அணையில் தேங்குகிறது. அங்கிருந்து பள்ளிவாசல் மின்நிலையத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல்தான் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். மிஞ்சிய நீர் முத்திரப்புழையாகவே ஓடிப் பெரியாற்றில் சேர்கிறது.

இந்த நடை வெறும் ஊர்சுற்றல் அல்ல. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் இந்தப் பள்ளம் முழுவதும் வெள்ளத்தில் அழிந்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு முன் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டலைப் பள்ளத்தாக்கு இரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்ட அந்த இரயிலில் ஏற்றிய தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாக வெளியூர் சென்றது. வெள்ளம் அடித்துச்சென்ற அந்தப் பாதையை மீண்டும் யாரும் அமைக்கவில்லை. பின்னர் 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மறுபடியும் நீரில் மூழ்கியது. மறையூர்ச் சாலையிலுள்ள பெரியவாரைப் பாலம் அடித்துச்செல்லப்பட்டது. தேவிகுளம் சாலையிலிருந்த அரசுக் கலைக் கல்லூரிக் கட்டடங்கள் மண்சரிவில் இடிந்தன. ஆகவே நடந்து செல்லும்போது கடைக்காரர்களிடம் 2018-இல் நீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த உயரத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பிறகு வீடு பார்க்கும்போது பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

மழையும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பெய்வதில்லை. மேற்கே திறந்திருக்கும் பள்ளிவாசல், நல்லதண்ணி, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே நாளில் 40 கிலோமீட்டர் தள்ளி, மலைத்தொடரின் மறைவில் உள்ள மறையூரில் வெயில் அடிக்கும்; அங்கே சந்தனமும் கரும்பும் வளர்வதற்கு அதுவே காரணம். கிழக்கே உள்ள வட்டவடை, டாப் ஸ்டேஷன் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழை முக்கியம். ஊருக்குள் வெயில் என்றால் வழியிலும் வெயில் என்று எண்ணிக் கிளம்பக்கூடாது.

இரண்டாம் படி: நான்கு சாலைகளைப் புரிந்துகொள்ளுதல்

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 ஊரின் வழியே செல்கிறது. அதன் மேற்குப் பகுதி பள்ளிவாசல், அடிமாலி, நேரியமங்கலம் வழியாக ஆலுவாவுக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்குகிறது. இரயிலுக்கும் விமானத்துக்கும் ஊரார் பெரும்பாலும் இந்த வழியையே நம்புகிறார்கள். ஆலுவா ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கிழக்குப் பகுதி தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிக்கும் தேனிக்கும் போகிறது. போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் மீண்டும் இரயில் வருவதால், மதுரை, சென்னை செல்வோருக்கு இவ்வழி எளிதாகியிருக்கிறது. ஆனால் பாறையை வெட்டி அகலப்படுத்திய கேப் ரோட்டில் மழைக்காலத்தில் பாறைகள் சரிந்து போக்குவரத்து நிற்பது அடிக்கடி நடப்பதால், தேனிக்குப் புறப்படும் முன் அன்றைய நிலையைக் கேட்டறியாமல் பேருந்து ஏறாதீர்கள்.

வடக்கே பெரியவாரை, மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். சின்னாற்றுக்குப் பின் வழி முழுவதும் காடு. யானை நடமாட்டம் உள்ள பாதை. இருட்டுவதற்குள் சோதனைச் சாவடிகளைக் கடந்துவிடும்படி புறப்பாட்டைத் திட்டமிடுங்கள். நான்காவது சாலை மாட்டுப்பட்டி, குண்டலை, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடைக்குச் சென்று அங்கே முடிகிறது. வரைபடத்தில் கொடைக்கானல் மிக அருகில் தெரிவதால் அப்படியே போய்விடலாம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. முன்பு இருந்த மலைப்பாதை இப்போது பொதுப் போக்குவரத்துக்கு இல்லை. கொடைக்கானல் செல்லத் தேனிப் பக்கம் இறங்கித்தான் ஏற வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை, கோடை விடுமுறை, ஓணம் ஆகிய காலங்களில் மாட்டுப்பட்டிச் சாலையும், இரவிகுளம் பூங்காவுக்குச் செல்லும் இராஜமலைச் சாலையும் வாகனங்களால் அடைபடும். மருத்துவமனை, வங்கி வேலைகளை அந்நாட்களில் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வது உள்ளூர் வழக்கம். உறவினர் வரையாடு பார்க்க வர விரும்பினால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆடுகள் குட்டி ஈனும் அக்காலத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா பொதுவாக மூடியிருக்கும்.

மூன்றாம் படி: வீடு பார்த்தல்

இங்கே நேரம் செலவிடுங்கள். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டு முதல் மழையில் வீடு மாற்றியவர்கள் பலர்.

மூணாற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களின் வசம் இருப்பதால், வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் குறைவு. 1877-இல் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து தொடங்கும் வரலாறு அது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலத்தை அரசு மீட்டுக்கொண்டபோதும், தேயிலை பயிரான பகுதி தோட்ட நிறுவனத்திடமே இருந்தது. தோட்ட வேலையென்றால் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டிலோ குவார்ட்டர்ஸிலோ இடம் கிடைக்கும். மற்றவர்கள் காலனிச் சாலை, இக்கா நகர், பழைய மூணாறு ஆகிய இடங்களில் தேடுகிறார்கள். அங்கே கட்டுப்படியாகாதவர்கள் பள்ளிவாசல், சித்திராபுரம், ஆனச்சால் பக்கம் வீடு எடுத்துப் பேருந்தில் வந்துபோகிறார்கள். குளிர் சற்றுக் குறைவு, வாடகையும் குறைவு என்பதால், பேருந்து நேரத்தோடு வேலைநேரம் ஒத்துப்போகுமானால் அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

வீட்டைப் பார்க்கப் போகும்போது முதலில் வீட்டுக்குப் பின்னால் செல்லுங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்சுவரை ஒட்டியே கட்டிய வீடாக இருந்தால், உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தடுப்புச் சுவர் இருந்தால், அதில் நீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா, அவற்றின் வழியே நீர் உண்மையில் வடிகிறதா என்று பாருங்கள். துளையில்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கித் தேங்கி, கனம் தாங்காமல் சுவரோடு மண் சரிவதே இப்பகுதியில் அடிக்கடி நடப்பது. சாய்ந்த மின்கம்பம், தரையில் புதிதாகத் தோன்றிய விரிசல், திடீரென மூடாமல் சிக்கும் கதவு ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். இரு மேடுகளுக்கு நடுவிலான ஓடைத் தடத்தில், கோடையில் உலர்ந்து கிடக்கும் இடத்தில் கட்டிய வீட்டையும் தவிருங்கள். மழைநீர் தன் பழைய தடத்தை விட்டு விலகுவதில்லை.

அடுத்து வெயிலைப் பாருங்கள். எதிர்மலை காலை வெயிலை மறைக்கும் வீட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பத்து மணி வரை குளிர் விறைக்கும், துணியும் உலராது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தின் அடியில், கிண்ணத்தில் ஊற்றிய நீர்போலத் தேங்கிவிடுகிறது. செண்டுவாரை, லட்சுமி, சிவன்மலை போன்ற எஸ்டேட்களின் தாழ்வான புல்வெளிகளில் ஜனவரி விடியலில் உறைபனி படிவதற்கும், அதே இரவில் சற்று மேலே உள்ள சரிவு தப்புவதற்கும் காரணம் இதுவே. எனவே ஆற்றுமட்டத்துக்கு மேலே, கிழக்கு நோக்கிய மென்சரிவில், பாறைப்பிடிப்புள்ள தரையில் அமைந்த வீடு கிடைத்தால் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த வீட்டுக்குப் பஞ்சாயத்து வீட்டு எண் இருக்கிறதா என்று உறுதிசெய்து, முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். எண் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, முகவரி மாற்றம் எதற்கும் எளிதாக விண்ணப்பிக்க முடியாது. நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் நிதானம் தேவை. தேவிகுளம் வட்டத்தில் 1999-இல் வழங்கப்பட்ட சுமார் 530 பட்டாக்களை ரத்து செய்ய 2022-இல் அரசு உத்தரவிட்டது. கையில் பட்டா இருப்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது என்பதற்கு இது போதிய சான்று. தேவிகுளம் தாலுகா அலுவலகத்தில் மூல ஆவணத்தைச் சரிபார்க்காமலும், கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் அனுமதி கிடைக்குமா என்று கேட்காமலும் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: அலுவலகங்களும் மொழியும்

பஞ்சாயத்து அலுவலகம் ஊருக்குள் இருக்கிறது. வட்ட அலுவலகமும் சப் கலெக்டர் அலுவலகமும் சில கிலோமீட்டர் மேலே தேவிகுளத்தில் உள்ளன. மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குச் சென்றுவர ஒரு பகல் முழுவதும் வேண்டும். சான்றிதழ் விண்ணப்பங்களை அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் கொடுத்துவிட்டால் அலைச்சல் குறையும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்.

தமிழில் பேசி வாழ்வதற்கு இங்கே எந்தத் தடையும் இல்லை. திருநெல்வேலி, மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் (தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்தவர்கள்) அழைத்துவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே எஸ்டேட்களின் பெரும்பான்மையினர். 1956 மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிப் போராட்டம் நடந்த மண் இது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மையினர் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை அளிக்கிறது. தமிழ்வழி அரசுப் பள்ளியும் உள்ளது. இருந்தாலும் அலுவலகப் பலகைகள், பேருந்துப் பெயர்கள், மின்வாரியச் சீட்டு ஆகியவை மலையாளத்தில் வருவதால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்காவது மலையாளம் கற்றுக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் ஒரே நபரை ஒருவர் ‘சேச்சி’ என்றும் மற்றொருவர் ‘அக்கா’ என்றும் அழைப்பதைக் கேட்பீர்கள், இரண்டும் செல்லும். தைப்பொங்கலுக்கு இடுக்கி மாவட்டத்தில் விடுமுறை உண்டு.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய பேச்சில் கவனமாக இருங்கள். 2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்து, ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து போனசும் கூலியும் கேட்ட ஊர் இது. இந்த ஊரைக் கட்டியவர்கள் அவர்கள். ஓய்வுபெறும்போது லய வீட்டையும் காலிசெய்ய வேண்டிய நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அறிந்து பழகினால், பக்கத்து வீட்டாரின் பேச்சில் உள்ள வலி புரியும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குத் தேவையானவை

ஈரமே முதல் எதிரி. ஜூன் முதல் பூட்டிவைத்த பெட்டிக்குள் துணி, தோல் செருப்பு, சான்றிதழ் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். சான்றிதழ்களைக் காற்றுப்புகாத உறையில் வையுங்கள்; அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கிடை தள்ளி நிறுத்துங்கள். அரிசியையும் பருப்பையும் மாதத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். கனமான குடை ஒன்று, முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ், கம்பளிப் போர்வை, மின்சாரம் இல்லாதபோதும் எரியும் விளக்கு ஆகியவை கட்டாயம். தேயிலைக்குள்ளும் சோலைக்குள்ளும் நடந்தால் அட்டை ஏறும். சிறிது உப்போ சுண்ணாம்போ வைத்தால் விழுந்துவிடும்.

காய்கறிக்குக் குறையில்லை. வட்டவடையின் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, காந்தளூர்ப் பழங்கள், மறையூர் வெல்லம் ஆகியவை அருகிலிருந்தே வருகின்றன. மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் விடுமுறை என்பதால் அன்று கடைத்தெரு நிரம்பி வழியும். நிதானமாக வாங்க வேண்டுமானால் வாரநாளில் செல்லுங்கள். எஸ்டேட்களுக்குள் போகப் பேருந்தைவிட, பலரைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் டிரிப் ஜீப்களும் ஆட்டோக்களுமே உதவும். மாலையில் அவை சீக்கிரம் நின்றுவிடும்.

பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் கழுவி உலர்த்தித் தனியே வைத்தால், கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வந்து, சிறு கட்டணம் பெற்று எடுத்துச் செல்வார்கள். ஆற்றில் எறிவது குற்றம். எறிந்தது ஹெட்வொர்க்ஸ் அணையில்தான் போய்ச் சேரும்.

சாதாரண நோய்க்கு ஊரிலுள்ள எஸ்டேட் மருத்துவமனையும், அடிமாலி வட்ட மருத்துவமனையும் போதும். பெரிய சிகிச்சைக்குக் கோட்டயம், எர்ணாகுளம் அல்லது தேனிக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே வீட்டில் கருவுற்றவரோ இதய நோயாளியோ இருந்தால், மழைக்காலத்தில் நாள் நெருங்கும் முன்பே சமவெளியில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவது நல்லது. இதை எச்சரிக்கை மிகுதி என்று யாரும் இங்கே சொல்லமாட்டார்கள்.

ஆறாம் படி: யானையோடு வாழ்தல்

மக்கள் ‘படையப்பா’ என்று அழைக்கும் ஆண் யானை எஸ்டேட் சாலைகளிலும் கடையோரங்களிலும் தோன்றுவது வழக்கம். சின்னக்கானல் பக்கம் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்துப் பழகிய ‘அரிக்கொம்பன்’ 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு வேறு காட்டுக்கு மாற்றப்பட்டது. வாசலில் அரிசி, உப்பு, வாழைத்தார், பலாப்பழம் எதையும் வைக்காதீர்கள். அடுக்களையின் வெளிச்சுவரை ஒட்டி மூட்டைகளை அடுக்காதீர்கள். விடியலுக்கு முன்பும் இரவிலும் தனியே நடக்காதீர்கள். பக்கத்து வீட்டாரின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்துவிட்டால், யானை எந்த ஃபீல்டில் (தேயிலைப் பகுதியில்) நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். வழியில் எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல், ஒளி பாய்ச்சாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்கி, வனத்துறையின் விரைவுப் படைக்குத் தகவல் சொல்லுங்கள். படம் எடுக்க நெருங்கும் சுற்றுலாப் பயணியைப் பார்த்தால் தடுங்கள். சினமூண்ட யானையின் எதிரில் அடுத்து வருவது பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளியாகவே இருக்கும்.

ஏழாம் படி: முதல் மழைக்காலம்

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், நயமக்காடு எஸ்டேட்டின் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தோரில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட குடும்பத்தினர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்த இரவை நினைத்து எழுதியது.

ஜூன் தொடக்கத்திலிருந்து வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள், 204.4 மில்லிமீட்டர் வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஒரு நாளின் வண்ணத்தைவிட, முந்தைய நாட்களில் எவ்வளவு பெய்திருக்கிறது என்பது முக்கியம். தொடர்ந்து பெய்து மண் நீரால் நிறைந்துவிட்ட சரிவு இடிந்து விழ மஞ்சள் அளவு மழையே போதும். பள்ளி விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். கடுமையான நாட்களில் மலைச்சாலைகளில் இரவுப் பயணத்துக்கும் தடை வரும். அதை மீறிக் கேப் ரோட்டில் போகாதீர்கள்.

மழை வலுக்கும் முன்பே, இரவில் போய்த் தங்கக்கூடிய ஒரு வீட்டையோ பள்ளியையோ தேர்ந்து, அங்கே செல்லும் வழி ஓடையைக் கடக்கிறதா என்று பகலில் நடந்து பாருங்கள். ஆதார், மருந்து, சிறிது பணம், மாற்றுடை, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக் கதவருகே வையுங்கள். 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். பின்சுவரிலிருந்து தெளிந்து வடிந்த நீர் கலங்கி வந்தாலோ, வழக்கமாக ஓடும் ஓடை மழைக்கு நடுவில் திடீரென வற்றினாலோ, மரம் முறியும் ஒலியோ பாறை உருளும் ஒலியோ மேலிருந்து கேட்டாலோ, எதையும் எடுக்க நிற்காமல் வெளியேறிப் பக்கவாட்டில், சரிவின் தடத்திலிருந்து விலகி நடங்கள். போகும்போது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சென்று சேர்ந்தபின் மழை விட்டுவிட்டது என்று அன்றிரவே திரும்பாதீர்கள். ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும் என்பதால், பகல் வெளிச்சத்தில் வில்லேஜ் அலுவலரோ பஞ்சாயத்து உறுப்பினரோ பார்த்துச் சொன்ன பிறகு வீட்டுக்குள் போங்கள்.